பாண்டில சக்குலென்ட் வளக்கணுமா, மண்ணக் கொறைங்க கல்ல ஏத்துங்க

சக்குலென்ட்னா இலைலயும் தண்டுலயும் தண்ணி சேத்து வச்சுக்கற சதைப்பத்தான செடி. அதுக்குன்னு சக்குலென்ட் பாட்டிங் மிக்ஸ்னு பேர் போட்டு விக்கிற மண்கலவைப் பைய ஒரு தடவ தாம்பாளத்துல கொட்டி கெளறிப் பாருங்க. முக்காவாசி கோகோபீட்ங்கற தேங்கா நார்த்தூள், கொஞ்சம் மண்புழு உரம், மேல கண்ணுக்குத் தெரியற மாதிரி வெள்ள வெள்ளையா ரெண்டு கைப்புடி பெர்லைட்ங்கற லேசான கல்லு, அவ்ளோதான். இந்தக் கலவை மோசம்னு நான் சொல்ல வரல. பெங்களூர்ல பால்கனில வச்சுருக்கறவங்களுக்கு அது ஓடும், ஏன்னா அங்க காத்து காஞ்ச காத்து, ராத்திரி குளிரும். நம்ம முத்தியால்பேட்டைலயோ கடலூர் தேவனாம்பட்டினத்துலயோ காலைல கொடில போட்ட துண்டே சாயங்காலம் வரைக்கும் பிசுபிசுன்னு தான் இருக்கு, இதுல தேங்கா நார்த்தூள்ல ஊத்துன தண்ணி எப்ப காயறது?

சரி, காயலன்னா என்ன, பாலைவனத்து செடிதானே, தண்ணி இருந்தா குடிச்சுட்டுப் போகட்டுமேன்னு தோணும். அங்கதான் விஷயமே இருக்கு. சாதாரண செடிங்க பகல்ல இலைல இருக்கற துளையத் தொறந்து காத்த இழுக்கும். சக்குலென்ட்ல பெரும்பாலானது வெயிலுக்கு பயந்து பகல்ல மூடி வச்சுட்டு ராத்திரி தொறக்கும், இதுக்கு கிராசுலேசியன் ஆசிட் மெட்டபாலிசம்னு பேரு, நம்ம வீட்ல எல்லாம் இருக்கற ஜேட் செடியோட குடும்பப் பேர வச்சே வந்த பேரு. இந்த ஏற்பாடு நல்லா நடக்கணும்னா ராத்திரி கொஞ்சம் குளிரணும். ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கற எச்சிவேரியா எல்லாம் பெரும்பாலும் மெக்சிகோ மலைப்பக்கத்து செடிங்க, அங்க பகல் சுட்டாலும் ராத்திரி குளுந்துரும். இங்க மே மாசம் ராத்திரி கூட 27, 28 டிகிரிக்கு கீழ எறங்காத நாள்தான் ஜாஸ்தி, அப்ப செடி வளர்ச்சிய நிறுத்திட்டு சும்மா உக்காந்துரும், வேர் தண்ணி இழுக்காது, நாம மட்டும் அய்யோ வெயில் அடிக்குதேன்னு ஊத்திட்டே இருப்போம். ஐப்பசி கார்த்திகைல வெயிலே இல்ல, அப்பவும் இழுக்காது. ஆக நம்ம ஊர்ல செடி குடிச்சு மண்ணு காயறதுங்கறது வருசத்துல கொஞ்ச மாசம்தான், மிச்ச நாளெல்லாம் மண்ணு தானா காஞ்சாகணும். அதனால இங்க மண்கலவைக்கு நான் கேக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணு, செடி உதவி இல்லாம இது எத்தன நாள்ல காயும்? சத்து இருக்கா, மண்ணு புளிப்பா காரமான்னு சொல்ற பிஎச் என்னங்கறதெல்லாம் அப்பறம்.

நர்சரிலேர்ந்து வாங்கிட்டு வந்ததும் மொத வேலையா செடிய தொட்டிலேர்ந்து உருவிப் பாத்துருங்க, கூச்சப்படாதீங்க. ஈசிஆர் பக்கம் இருக்கற கடைங்கள்ல வர்ற சின்னச்சின்ன ரோஜாப்பூ மாதிரி செடிங்கள்ல நெறைய வெளியூர்லேர்ந்து லாரில வர்றது. உருவுனீங்கன்னா வேரச் சுத்தி ஒரு கோகோபீட் உருண்டை கெட்டியா புடிச்சுட்டு இருக்கும், சில சமயம் அத சுத்தி ஒரு மெல்லிசான வலைத்துணி வேற. வெளிப்பக்கம் தொட்டா காஞ்சுருக்கும், வெரல உள்ள விட்டீங்கன்னா சில்லுனு இருக்கும், அங்கயே வேர் பழுப்பா நூல் நூலா கழண்டு வரும். நல்ல வேர் வெள்ளையா விறைப்பா இருக்கணும். அந்த உருண்டைய அப்படியே வச்சுட்டு சுத்தி எவ்ளோ ஒசத்தியான கலவை போட்டாலும் பிரயோஜனம் இல்ல, தண்ணி எல்லாம் நடு உருண்டைல போய் உக்காந்துக்கும். ஒரு குச்சிய வச்சு மெதுவா உதிர்த்து எடுத்துருங்க, நாலு வேர் அறுந்தா அறுந்துட்டுப் போகுது, ரெண்டு மூணு நாள் நெழல்ல அப்படியே காய விட்டு நட்டா புது வேர் விட்டுக்கும்.

அடுத்து எல்லாரும் சண்டைக்கு வர்ற மேட்டர், தொட்டி அடில ஜல்லி போடறது. வேணாம். நம்ம அப்பா அம்மா காலத்துலேர்ந்து போடறோம்னு தெரியும், ஆனாலும் வேணாம். பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்ச எடுத்து சொட்டச் சொட்ட நனைச்சு படுக்க வாக்குல புடிங்க, சொட்டறது நின்னதும் அதையே செங்குத்தா நிமித்துங்க, மறுபடி தண்ணி ஒழுகும். அப்பவும் அடில ஒரு பட்டை ஈரம் நிக்கும், அது போகவே போகாது. தொட்டில இருக்கற மண்ணுக்கும் இதே கதைதான், தண்ணி ஊத்தி வடிஞ்சப்பறமும் அடிமட்டத்துல ஒரு பட்டை ஈரம் நிக்கும், மண்ணு எவ்ளோ பொடியோ அந்தப் பட்டை அவ்ளோ ஒசரம். நீங்க அடில ரெண்டு இஞ்ச் ஜல்லி போட்டா அந்த ஈரப்பட்டை ஜல்லிக்குள்ள எறங்காது, ஜல்லிக்கு மேல ஏறி உக்காரும், அதாவது வேருக்குப் பக்கத்துல கொண்டு போய் வச்சுட்டீங்கன்னு அர்த்தம். ஓட்டைய அடைக்க ஒரு ஓட்டாஞ்சில்லோ கொசுவலைத் துண்டோ போதும். ஜல்லி வேணும்னா கலவை முழுக்க போடுங்க, அடில மட்டும் போடாதீங்க. இதே கணக்குலதான் தட்டையான அகலமான தொட்டி பாக்க அழகா இருந்தாலும் நம்ம ஊருக்கு ஆபத்து, உள்ள இருக்கற மண்ணுல பாதிக்கு மேல அந்த ஈரப்பட்டையே புடிச்சுக்கும்.

இப்ப கலவைக்கு என்ன போடறதுன்னு வருவோம். என் ஓட்டு கண்ண மூடிட்டு செங்கலுக்குத்தான். புமிஸ்ங்கற எரிமலை நுரைக்கல்லு ஆன்லைன்ல கெடைக்கும், அகடாமாங்கற களிமண் குருணை ஜப்பான்லேர்ந்து வரும், ரெண்டும் நல்ல பொருள்தான், ஆனா நாலு தொட்டிக்கு மேல வச்சுருக்கறவங்களுக்கு கட்டுப்படியாகாது. கடலூர் மாவட்டத்துல சூளைக்கா பஞ்சம்? பாகூர் பக்கம் போனாலும் கெடைக்கும். ஒடஞ்ச கல்லு ஓரமா குமிஞ்சு கெடக்கும், கேட்டா "இதுக்கெல்லாம் இன்னா காசு, அள்ளிட்டுப் போங்க தம்பி"ம்பாங்க. ஆனா எல்லா செங்கலும் ஒண்ணு இல்ல. சரியா வேகாத கல்லு வெளிறிப் போய் இருக்கும், ராத்திரி பூரா தண்ணில ஊறப்போட்டா காலைல ஓரமெல்லாம் கொழகொழன்னு கரைஞ்சுருக்கும், அது தொட்டிக்குள்ள போனா ஆறு மாசத்துல மறுபடி களிமண்ணு. ரொம்ப வெந்து கருப்பா கண்ணாடி மாதிரி உருகிப் போன கல்லு தண்ணியே குடிக்காது, அது இருந்தா கெடுதல் இல்ல, ஆனா வெறும் ஜல்லிதான். ரெண்டு கல்ல ஒண்ணோட ஒண்ணு தட்டுனா கணீர்னு சத்தம் வருது பாருங்க, அதுதான் நமக்கு வேணும். நல்ல கல்லு தன் எடைல 20 சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாதுன்னு கட்டட வேலைல ஒரு கணக்கு இருக்கு. நமக்கும் அந்தக் கணக்கு ஒத்து வருது, கல்லு தனக்குள்ள கொஞ்சம் ஈரம் வச்சுக்கும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல காத்து ஓடும், வேர் ரெண்டுத்துக்கும் நடுவுல சொகமா போகும்.

ஒடைக்கறதுக்கு முன்னாடி கல்ல நனைச்சுக்கங்க, இல்லன்னா தூசி நெஞ்சுக்குள்ள போயிரும், மாஸ்க்கும் போட்டுக்கங்க. பழைய கோணிச்சாக்குக்குள்ள போட்டு சுத்தியலால தட்டுனா செதறாது. அப்பறம் காய வச்சு ரெண்டு சல்லடை. மொதல்ல மேஸ்திரிங்க மணல் சலிக்கற பெரிய சல்லடை, அதுல நிக்கறத திரும்ப ஒடைக்கணும். கீழ விழுந்தத கோதுமை சலிக்கற பழைய சல்லடைல போட்டு ஆட்டணும், அதுல மேல நிக்கறதுதான் நம்ம சரக்கு, சராசரியா 3லேர்ந்து 5 மில்லிமீட்டர். கீழ போற தூள் ஒரு துளி கூட கலவைல வரக்கூடாது, அதுதான் சந்தெல்லாம் அடைக்கும். நெல்லிக்குப்பத்துல எங்க அத்த அந்தத் தூளத்தான் டப்பால போட்டு வைக்கச் சொல்லுவாங்க, குத்துவெளக்கு தேய்க்க புளியோட அது சேந்தா பளிச்சுன்னு ஆயிருமாம், கடைல விக்கற பவுடர் எல்லாம் அவங்களுக்கு ஆகாது. கடைசியா ஒரு பக்கெட்ல போட்டு அலசுங்க. மொத தண்ணி ரத்தச் செவப்பா வரும், ரெண்டாவது தேங்கா நார் கலர்ல, அதுக்கப்பறம் அடில கல்லு தெரியற அளவுக்கு தெளியும், அப்ப நிறுத்திக்கலாம். ஒண்ணு மறந்துட்டேன், இடிச்ச வீட்டு செங்கல் எடுக்கறவங்க சிமென்டோ சுண்ணாம்போ ஒட்டுனத எடுக்காதீங்க. நம்ம டவுனுக்குள்ள பழைய வீடு இடிக்கற எடத்துல அழகழகா சின்ன கல்லு கெடைக்கும், ஆசையா இருக்கும், ஆனா சுண்ணாம்பு பூச்சு கூடவே வரும். சுரண்டி எடுக்கற பொறுமை இருந்தா சரி.

மணலப் பத்தி ரெண்டு வார்த்த. கடக்கரை மணல் வேணவே வேணாம், உப்பு ஒரு பக்கம், ரொம்ப பொடிசு இன்னொரு பக்கம், அங்கேர்ந்து அள்ளறதே கூடாது. பாறைய ஒடச்சு செய்யற எம் சாண்ட் கெடைச்சா அதையும் சலிச்சு அலசி பெருசா நிக்கறத மட்டும் எடுங்க, பொடிய விட்டீங்கன்னா கலவை இறுகிரும். பி சாண்ட் பூச்சு வேலைக்கு, நமக்கு இல்ல. மணல் போட்டா தண்ணி வடியும்னு பொதுவா சொல்றாங்க பாருங்க, பொடி மணலும் கோகோபீட்டும் சேந்தா அது வடியாது, பூசுன மாதிரி ஆயிரும். அளவுல பெரிய பொருள் பாதிக்கு மேல இருந்தாத்தான் சந்து இருக்கும், கொஞ்சமா போட்டா கல்லு அந்த மண்ணுக்குள்ள மெதக்கும், அவ்ளோதான்.

செம்மண்ண பத்தி நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு பாசம் உண்டு, எனக்கும் உண்டு. ஆரோவில், காலாப்பட்டு பக்கமும் பண்ணுருட்டி பக்கமும் இருக்கற செவப்பு மண்ணுல முந்திரியும் பலாவும் எப்படி வருதுன்னு பாக்கறோம். ஆனா தரைல இருக்கற மண்ணு வேற, ஒரு சாண் தொட்டிக்குள்ள இருக்கற மண்ணு வேற. தரைல தண்ணி கீழ போக எடம் இருக்கு, தொட்டில இல்ல. நர்சரிக்காரங்க போடற செம்மண், மணல், தொழு உரம் சமபங்கு கலவை செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் பிரமாதம், எச்சிவேரியாவுக்குப் போட்டா வெயில்ல பாறையா இறுகும், மழைல சேறாகும். பத்துல ஒரு பங்கு செம்மண் போடலாம், கொஞ்சம் தாதுச் சத்துக்கு. போடாட்டியும் ஒண்ணும் குடி முழுகிடாது.

கோகோபீட்ட நான் மொத்தமா ஒதுக்கல. பத்துல ஒரு பங்கு, ஈரம் கொஞ்சம் தங்கறதுக்கு. கட்டியா வர்றத தண்ணில ஊறப்போட்டு பிழிஞ்சு, அந்த பழுப்புத் தண்ணி வெளுக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப அலசுங்க, சரியா அலசாத கட்டில உப்பு இருக்கும். நம்ம போர் தண்ணியே பல தெருவுல உப்பு, அது வேற இதுல சேரணுமா? மண்தொட்டி வெளிப்பக்கம் வெள்ளையா பூத்துப் போய் இருக்குல்ல, அது தண்ணில இருக்கற உப்புதான். அப்பப்ப மழத்தண்ணி புடிச்சு வச்சு நல்லா ஊத்தி கழுவி விட்டா கலவைல சேந்த உப்பு எறங்கிரும்.

உமிக்கரி நம்ம பக்கத்து சொத்து. அரிசி மில் இருக்கற எந்த ஊர்லயும் கேட்டா கெடைக்கும். கருப்பா வெந்த உமி வேணும், வெள்ளையா சாம்பலா போனது வேணாம், சாம்பல் காரம் ஜாஸ்தி, பொடியும் ஜாஸ்தி. கருப்பு உமிக்கரி எடை இல்ல, மக்காது, கலவைய உப்பலா வச்சுக்கும். நெய்வேலி பக்கம் ஃப்ளை ஆஷ்ங்கற நிலக்கரிச் சாம்பல் எளிசா கெடைக்குதுன்னு அத கலக்கலாமான்னு கேக்கறவங்க இருக்காங்க. அது மாவு மாதிரி பொடி, சிமென்டுல கலக்கற பொருள், தொட்டி பக்கமே கொண்டு வராதீங்க.

பெர்லைட் எரிமலைக் கண்ணாடிய சூட்ல பொரிச்சு எடுக்கறது, பொருளா குத்தம் சொல்ல முடியாது. ஆனா ஒரு நல்ல மழ பெஞ்சா எல்லாம் மேல மெதந்து வந்து தளத்துல ஓடும், கூட காத்தும் அடிச்சா பக்கத்து வீட்டு மாடில. வெர்மிகுலைட்ட பெர்லைட்டுன்னு நெனச்சு வாங்கிராதீங்க, அது தண்ணிய புடிச்சு வைக்கறது, வெத போடத்தான் லாயக்கு.

நான் கலக்கறது என்னன்னா, பத்து டப்பாவுக்கு அஞ்சு டப்பா செங்கல், ரெண்டு டப்பா அலசுன பெரிய மணலோ பொடி ஜல்லியோ, ஒண்ணு உமிக்கரி, ஒண்ணு கோகோபீட், ஒண்ணு மண்புழு உரம். ஒரு கைப்புடி வேப்பம்புண்ணாக்குத் தூள், அதுக்கு மேல போட்டா மழக்காலத்துல பூஞ்சானம் பூக்கும். இது எச்சிவேரியா, கிராப்டோபெட்டலம், செடம் மாதிரி ஆளுங்களுக்கு. ஹவர்த்தியா, கேஸ்டீரியாவுக்கு செங்கல்ல ஒரு டப்பாவ கொறச்சு கோகோபீட் கூட்டலாம், அதுங்க கொஞ்சம் நெழல்ல இருக்கறதுங்க, தாங்கும். ஜேட் செடி எதுலயும் வரும், மழைல மட்டும் வைக்காதீங்க. அடீனியத்துக்கு தீனி ஜாஸ்தி, மண்புழு உரம் ரெண்டு டப்பா போடலாம், அது வெயில்ல நல்லா இழுக்கற செடி. கூழாங்கல்லு மாதிரியே இருக்கற லித்தாப்ஸ் செடிய ஆன்லைன்ல பாத்து ஆசப்படறவங்க, கிட்டத்தட்ட முழுக்க கல்லுலதான் நடணும், அப்படி நட்டாலும் நம்ம புழுக்கத்துல நெலைக்கறது கஷ்டம், என்னைக் கேட்டா அந்தக் காசுக்கு நாலு நல்ல மண்தொட்டி வாங்கலாம்.

தொட்டின்னதும் சொல்லணும், நமக்கு வில்லியனூர் பக்கத்துல இருக்கு. வில்லியனூர் டெரகோட்டாவுக்கு புவிசார் குறியீடே உண்டு. பூச்சு இல்லாத மண்தொட்டி சுவர் வழியாவும் ஈரம் போகும், பிளாஸ்டிக்ல மேல் வழியா மட்டும்தான். பீங்கான் தொட்டிக்கு அடில ஓட்டை இல்லன்னா வாங்காதீங்க, கடைக்காரர் "அளவா ஊத்துனா போதும் சார்"ம்பார், அவருக்கென்ன.

காஞ்சுருச்சான்னு வெரல விட்டு பாக்கறது கல்லு கலவைல வேலைக்காவாது, மேல எப்பவும் காஞ்சுதான் இருக்கும். சமையல்கட்டு தராசு இருந்தா காஞ்ச கலவைல செடிய நட்டதும், தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி அந்தக் காஞ்ச எடைய ஒரு தடவ தொட்டி மேல பென்சில்ல எழுதி வச்சுருங்க. தண்ணி ஊத்தி வடிஞ்சதும் ஒரு எடை. அப்பறம் தெனம் ஒரு தடவ வச்சுப் பாத்தா காஞ்ச எடைக்கு எத்தன நாள்ல திரும்பி வருதுன்னு தெரிஞ்சுரும். மார்ச் மாசம் ரெண்டு மூணு நாள்ல காஞ்சா நல்ல கலவை. அதே தொட்டி நவம்பர்ல ஒரு வாரம் இழுக்கும், அதுக்கு மேல இழுத்தா கல்ல ஏத்துங்க. கொஞ்ச நாள்ல தராசே வேணாம், தூக்கிப் பாத்தாலே கை சொல்லிரும். தராசு இல்லாதவங்க ஊதுபத்திக் குச்சிய அடி வரைக்கும் குத்தி பத்து நிமிசம் கழிச்சு உருவிப் பாருங்க, நெறம் மாறிருந்தா ஊத்தாதீங்க.

இந்தக் கலவைல ஒரு தொல்லை இருக்கு, அடிக்கடி ஊத்தணும். சக்குலென்ட்னா மாசத்துக்கு ஒரு தடவ தண்ணின்னு கேள்விப்பட்டு வாங்குனவங்களுக்கு இது புடிக்காது. தை மாசி பங்குனில வாரத்துக்கு ஒரு தடவையாவது அடி ஓட்டை வழியா ஓடற அளவுக்கு ஊத்தணும், ஒரு ஸ்பூன் ரெண்டு ஸ்பூன்னு மருந்து மாதிரி ஊத்துனா வேர் மேலயே நின்னுரும். சத்தும் இதுல தங்காது, அதனால குளிர் மாசங்கள்ல தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கற 19:19:19 உரத்த சொல்லிருக்கற அளவுல கால்வாசி கலந்து எப்பயாவது ஊத்தலாம். முட்டை ஓடு, டீத்தூள், வாழப்பழத் தோல் தண்ணின்னு யூடியூப்ல வர்றதெல்லாம் எறும்புக்கு விருந்து வைக்கறது, எறும்பு வந்தா பின்னாடியே மாவுப்பூச்சி வரும்.

மழையப் பத்தி சொல்லாம பாண்டில எதையும் எழுத முடியாது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் நம்ம பக்கமா கரையக் கடந்தப்ப 24 மணி நேரத்துல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. அந்த மாதிரி மழைல எந்தக் கலவையும் காப்பாத்தும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா தண்ணி ஓடி எறங்கறது பெரிய பிரச்சன இல்ல, அதுக்கப்பறம் வெயிலே இல்லாம மூடி கெடக்கற நாளுங்கதான் அழுக வைக்கறது. அதனால ஐப்பசி பொறந்ததும் சன்ஷேடுக்கு அடில காத்து போற மாதிரி தள்ளி வச்சுருங்க, தொட்டிக்கு அடில தட்டு இருந்தா எடுத்துருங்க. கல்லு கலவைக்கு இன்னொரு லாபம் எடை. 2011 டிசம்பர் 30 விடிகாலைல தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல ஏறுனத பாத்தவங்களுக்கு காத்துன்னா என்னன்னு தெரியும், அவ்ளோ வேணாம், சாதாரண கடக்காத்துக்கே காஞ்ச கோகோபீட் தொட்டி மாடில உருளும். செங்கல் தொட்டி உக்காந்த எடத்துல உக்காந்துருக்கும். ஆனா மாடில நெறைய வைக்கறவங்க எடைய சுவர் ஓரமா பிரிச்சு வைங்க, நடுவுல குமிக்காதீங்க.

தொட்டி மாத்தறது பொங்கலுக்கு அப்பறம் வச்சுக்கங்க. மழ விட்டுருக்கும், ராத்திரி நம்ம ஊருக்கு எவ்ளோ முடியுமோ அவ்ளோ குளுந்துருக்கும், செடி வேர் விட துடிக்கற நேரம். சித்திரைல போய் மாத்தாதீங்க. தைக்கு கலவை வேணும்னா செங்கல் வேலைய ஆடி ஆவணிலயே முடிச்சு காயப்போட்டு சாக்குல கட்டி வச்சுரணும், மழ ஆரம்பிச்சுட்டா சூளையும் ஓடாது, அலசுன கல்லும் காயாது. பழைய தொட்டிலேர்ந்து கொட்டுன கலவைய தூக்கிப் போடாதீங்க, செங்கல் மட்டும் சலிச்சு அலசி மே மாச மாடி வெயில்ல பரப்பி வச்சா புதுசு மாதிரிதான், மிச்ச பொடிய கறிவேப்பில தொட்டில கொட்டிருங்க.